கிணற்றடியில் இரண்டேகால் டன்

ஒருபுறம் சேர்வராயன் மலைத்தொடரும் மறுபுறம் சித்தேரி மலையும் நிற்க, இடையே விரிந்துள்ள பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் வாணியாறு அணையின் நீர் எட்டும் நிலங்கள் ஒரு பகுதியே ஆதலால், மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளையும் ஏனைய நிலங்கள் பெரும்பாலும் கிணறுகளை நம்பியே உள்ளன. தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடியில் இருப்பவை நைஸ், சார்னோகைட் முதலிய கடும்பாறைகள். ஆற்றுப் படுகை மணலில் நிற்பதுபோல இவற்றில் நீர் எங்கும் பரவி நிற்பதில்லை, பாறையின் சிதைந்த மேற்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது. மேல் வெடிப்புகள் வற்ற வற்றக் கிணறு கீழிறங்குகிறது, அதனுடன் மோட்டாரும் இறங்குகிறது; ஆயிரம் அடியைத் தொடும் ஆழ்துளைக் கிணறுகள் இன்று இம்மாவட்டத்தில் அரியவை அல்ல. கனமான மின்கருவிகளைத் தூக்குவதும் நகர்த்துவதும் பாதுகாத்து வைப்பதும் பெரிய ஆலைகளுக்கும் துணைமின் நிலையங்களுக்கும் உரிய வேலை எனப் பொதுவாகக் கருதப்பட்டாலும், இவ்வட்டாரத்தில் அது கிணற்றடிதோறும் டிரான்ஸ்பார்மர் கம்பத்தடிதோறும் நடைபெறுகிறது. அதைச் செய்வோரில் மோட்டார் மெக்கானிக், அவருடன் வரும் கூலியாட்கள், நிலத்துக்காரர், உதவிக்கு ஓடிவரும் பக்கத்துக் காட்டுக்காரர் ஆகியோரே மிகுதி. எந்த நிறுவனத்தின் பதிவேட்டிலும் பெயரில்லாத இவர்களுக்குப் பாரம் தூக்கும் கலையின் கணக்குகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இதுவரை எவரும் முறையாக ஏற்கவில்லை.

அக்கணக்குகளில் முதலாவது எடை பற்றியது. நீர்மூழ்கி மோட்டாரைத் தூக்குவது என்று சொல்லும்போது மனத்தில் தோன்றுவது மோட்டாரின் எடையாக இருக்க, உண்மையில் தூக்கப்படும் மொத்தப் பாரத்தில் அது மிகச் சிறிய பங்கே ஆகும். இரண்டு அங்குல இரும்புக் குழாய், அதாவது துத்தநாகம் பூசிய நடுத்தர வகை ஜி.ஐ. பைப், ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது; ஆயிரம் அடி ஆழத்தில், அதாவது சுமார் 300 மீட்டரில், மோட்டார் தொங்கும்போது குழாய்கள் மட்டுமே 1,500 கிலோ ஆகிவிடுகின்றன. பம்பின் தலைப்பகுதியில் நீர் திரும்பிக் கீழே போகாதபடி தடுக்கும் வால்வு இருப்பதால், மோட்டாரை நிறுத்திய பின்னும் குழாய்க்குள் நீர் அப்படியே நிற்கக்கூடும். அந்த அளவுக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 2.2 லிட்டர் நீர் கொள்ளும் என்பதால் நீரின் எடை மேலும் 660 கிலோ. பம்பும் மோட்டாரும் சேர்ந்து 100 கிலோ எனக் கொண்டால், கிணற்றின் வாயில் இருக்கும் கொக்கி தாங்கவேண்டியது இரண்டேகால் டன். கேபிளின் எடையையும், கலங்கல் படிந்து பம்பு பாறையோடு இறுகியிருந்தால் அதைப் பெயர்க்க வேண்டிய கூடுதல் விசையையும் இக்கணக்கு சேர்க்கவில்லை. நீரில் மூழ்கியுள்ள பகுதியின் எடை சற்றுக் குறைவாகத் தெரியும் என்பது உண்மையே என்றாலும், கோடையில் நீர்மட்டம் அடியில் கிடக்கும்போது அந்தச் சலுகை பெரிதாகக் கிடைப்பதில்லை. இரும்புக் குழாய்க்குப் பதிலாக பிளாஸ்டிக் குழாய்களைப் பயன்படுத்தும் வழக்கம் பரவியிருப்பது துருப்பிடிக்காமை கருதி மட்டுமே பாராட்டப்படுகிறது. தூக்குவோரின் உயிர்ப் பாதுகாப்பு கருதியும் அது பெரிய முன்னேற்றம் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எடை தெரிந்தபின் அதைத் தாங்கும் சாதனத்தின் வலு தெரிய வேண்டும். செயின் பிளாக், கொக்கி, எஃகுக் கம்பிவடம், வளையம் ஆகிய ஒவ்வொன்றிலும் பாதுகாப்பான பணிச்சுமை என ஓர் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அறுந்துபோகும் சுமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே கம்பிவடத்துக்கு அவ்வாறு குறிப்பது வழக்கம். எஞ்சிய நான்கு பங்கும் வீணாக விடப்பட்ட வலு என்று எண்ணி, ஒரு டன் செயின் பிளாக்கில் இரண்டு டன்னைத் தூக்கிப் பார்ப்போர் உண்டு. அந்த இடைவெளி தேய்மானத்துக்காகவும், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்காகவும், எல்லாவற்றுக்கும் மேலாக உலுக்கலுக்காகவும் விடப்பட்டது. கொக்கியில் தொங்கும் பாரம் தளர்வாக நின்று திடீரென வடத்தின்மேல் இறங்கினால், உயரத்திலிருந்து விழாமலேயே, அது தன் எடையைப்போல் இருமடங்கு விசையைச் செலுத்துகிறது; சில அங்குலம் விழுந்து இறங்கினால் விசை இன்னும் பன்மடங்காகும். இறுகிய பம்பை விடுவிப்பதற்காக வடத்தைத் தளர்த்தி வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் ஆபத்தானது என்பதற்கு இதுவே காரணம். நைலான் கயிற்றைப் பொறுத்தவரை, முடிச்சு விழுந்த இடத்தில் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது என்பதையும், இழுபட்டு நீண்ட கயிறு அறும்போது சாட்டைபோல் திரும்பிவந்து தாக்கும் என்பதையும் கருதி, இழுவிசையின் நேர்கோட்டில் எவரும் நிற்காதிருப்பதே முறை.

கிணற்றின் மேல் நிறுத்தப்படும் முக்காலியின் கால்கள் ஊன்றும் இடம் பெரும்பாலும் நீர் சிந்திச் சேறான நிலம். பாரம் ஏற ஏற மூன்று கால்களும் வெளிப்புறமாக விலகப் பார்க்கும். ஒரு கால் சறுக்கினாலும் முழுக் கோபுரமும் சரியும். ஒவ்வொரு காலின் அடியிலும் அகலமான பலகை வைத்து, மூன்று கால்களையும் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஒரு குழாயைக் கழற்றும் நேரத்தில் எஞ்சிய குழாய்த்தொடர் முழுவதையும் கிணற்று வாயில் பிடித்து நிறுத்துவது கிளாம்ப் எனப்படும் இரும்புப் பிடி. அதன் போல்ட்டுகளில் மரை தேய்ந்திருந்தால் தொடர் முழுவதும் கிணற்றுக்குள் போய்விடும், அதைப் பிடிக்க நீளும் கை நசுங்கும். மின்சாரக் கேபிளைப் பிடித்து மோட்டாரை இழுப்பது எந்த நிலையிலும் கூடாது. கேபிள் மின்னோட்டத்துக்காக ஆனது, அதன் செம்புக்கு இழுவிசை தாங்கும் வலு இல்லை.

எனினும் கிணற்றடியில் மிகுந்த அச்சத்துக்குரியது பாரத்தைக் காட்டிலும் தலைக்கு மேல் செல்லும் மின்கம்பியே. மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு விதிமுறைகளின்படி, சாலையைக் கடந்து செல்லும் உயரழுத்த மின்பாதையின் மிகத் தாழ்ந்த கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும்; சாலையல்லாத இடங்களில், அதாவது வயல்வெளியில், 11 கிலோவோல்ட் வரையிலான உறையில்லாத கம்பிக்கு 4.6 மீட்டர் போதும். சந்தையில் கிடைக்கும் ஒரு முழு நீள இரும்புக் குழாய் 20 அடி, அதாவது 6.1 மீட்டர். குழாயின் நீளத்தையும் வயல்வெளிக் கம்பியின் உயரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், விதிப்படி சரியாகக் கட்டப்பட்ட மின்பாதையின் கீழேகூட ஒரு குழாயை நிமிர்த்திப் பிடித்தவரின் குழாய்முனை கம்பிக்கு மேலே ஒன்றரை மீட்டர் போய்விடும் என்பது விளங்கும். கிணற்றிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு குழாயும் செங்குத்தாகவே வருகிறது, பின்னர் அதைச் சாய்த்துப் படுக்க வைக்கும்போது அதன் முனை காற்றில் ஒரு பெரிய வில்லை வரைகிறது. 11,000 வோல்ட்டில் கம்பியைத் தொடவேண்டிய தேவைகூட இல்லை, மிக நெருங்கினாலே பொறி பாய்ந்து மின்சாரம் குழாய் வழியே இறங்கிவிடும். வெப்பத்தில் உலோகம் நீளும் என்பதால் கோடையின் நண்பகலில் கம்பிகள் மிகுதியாகத் தொய்ந்திருக்கும். மோட்டார்கள் மிகுதியாக வெளியே எடுக்கப்படுவதும், எடுத்து இன்னும் ஆழத்தில் இறக்கப்படுவதும் அதே கோடையில்தான். விதியில் கூறிய உயரம் இத்தொய்வையும் சேர்த்தே கணக்கிடப்பட வேண்டியது என்றாலும், கம்பம் சாய்ந்தோ கம்பி தளர்ந்தோ போன இடங்களில் அந்தக் கணக்கை நம்பி நிற்க முடியாது.

அதே விதிமுறைகள், கம்பி, குழாய் போன்ற நீண்ட பொருள்களை உறையில்லாத மின்கம்பிகளின் கீழோ அருகிலோ பொறுப்பான ஒருவரின் நேரடி மேற்பார்வை இன்றி எடுத்துச் செல்லக்கூடாது என்றும், மின்பாதையின் கீழே பொருள்களைக் குவித்து வைக்கக்கூடாது என்றும் கூறுகின்றன. கிணற்றருகே மின்பாதை சென்றால், மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் சொல்லி அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்திய பிறகே முக்காலியை நிறுத்துவது ஒன்றே ஐயத்துக்கு இடமில்லாத வழி. புதிய கிணறு தோண்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, நீரோட்டம் பார்க்கும் கவனத்தில் ஒரு பங்கை அண்ணாந்து பார்ப்பதற்கும் செலவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு கோடையும் அந்த அளவுக்கு அச்சமின்றிக் கழியும். மோட்டாரை வெளியே எடுத்தபின் திறந்து கிடக்கும் கிணற்று வாய் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும்: 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்தது; ஆகவே பழுது பார்க்கப்போன மோட்டார் திரும்பிவரும்வரை, அது ஒரு மணிநேரமே ஆனாலும், வாயை இரும்பு மூடியிட்டுப் போல்ட் போட்டு அடைத்தாக வேண்டும்.

கிணற்றடியிலிருந்து கம்பத்தடிக்கு வந்தால், அங்கே பாரம் வேறு வகையானது. வயல்களுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர், 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி; 63 அல்லது 100 கே.வி.ஏ. திறனுள்ள ஒன்று, எஃகுத் தகடுகளால் ஆன உள்ளகம், கம்பிச்சுருள், எண்ணெய், தொட்டி எல்லாம் சேர்த்து அரை டன்னை ஒட்டிய எடை உடையது. எடையை ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை, ஏனெனில் தொட்டியின் பக்கவாட்டில் உள்ள பெயர்த்தகட்டில் மொத்த எடையும் எண்ணெயின் எடையும் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும். பழுதான டிரான்ஸ்பார்மரை இறக்கி மாற்றும் நாளில் பயிர் வாடிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் தகட்டைப் படிப்போர் குறைவு.

இறக்கும் முன் மின்சாரம் நிறுத்தப்படுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மின்வாரிய ஊழியர்கள் எல்.சி. என்று குறிப்பிடும் லைன் கிளியர் அனுமதியைப் பெற்று, மின்பாதையைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச்சைத் திறந்து பூட்டி, உயரழுத்தக் கம்பிகளையும் தாழ்வழுத்தக் கம்பிகளையும் தரையோடு இணைக்கும் எர்த் ராடைப் பொருத்திய பிறகே கம்பத்தில் கை வைக்க வேண்டும். தாழ்வழுத்தப் பக்கத்தையும் ஏன் தரையோடு இணைக்க வேண்டும் என்பது பலருக்கும் விளங்காத ஒன்று. அப்பகுதியில் யாரேனும் ஜெனரேட்டரை உரிய மாற்றுச் சுவிட்ச் இன்றி வீட்டு வயரிங்கில் இணைத்து ஓட்டினால், அந்த மின்சாரம் பின்பக்கமாக டிரான்ஸ்பார்மருக்குள் நுழைகிறது. மின்மாற்றி இரு திசையிலும் வேலை செய்யும் கருவி ஆதலால், குறைந்த அழுத்தத்தில் நுழைந்தது மேற்பக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்ந்து, மின்சாரம் இல்லை என்று நம்பிக் கம்பியைப் பிடித்தவரைக் கொன்றுவிடும்.

தூக்குவதற்கெனத் தொட்டியின் பக்கங்களில் காதுகள் உண்டு. தொட்டி மூடியின் மேலும் சிறிய காதுகள் இருக்கும். மேலே உள்ளவை மூடியை மட்டும் திறப்பதற்கானவை, முழு எடையையும் தாங்கும்படி அமைக்கப்பட்டவை பக்கக் காதுகளே. இவ்வேறுபாடு தெரியாமல் மூடிக் காதில் கொக்கியை மாட்டினால் மூடி பிய்ந்து தொட்டி விழக்கூடும். புஷ்ஷிங் எனப்படும் பீங்கான் மின்காப்புத் தண்டுகளையோ குளிர்விக்கும் ரேடியேட்டர் இதழ்களையோ பிடித்து இழுப்பதும் அவற்றில் கயிறு கட்டுவதும் பெருந்தவறு: பீங்கானில் விழும் மயிரிழை விரிசல் அன்று தெரியாது, அடுத்த மழையில் நீர் உள்ளே இறங்கும்போது தெரியும்.

இரு காதுகளிலும் மாட்டிய கம்பிவடம் மேலே ஒரே கொக்கியில் சேரும்போது உண்டாகும் கோணத்தில்தான் இக்கலையின் மிக நுட்பமான கணக்கு இருக்கிறது. நீர் நிறைந்த அண்டாவை இருவர் நெருங்கி நின்று தூக்கும்போது ஆளுக்குப் பாதி எடை தெரிய, விலகி நின்று தூக்கும்போது கை அறுவதுபோல இழுக்குமே, அதே இயல்பு வடத்துக்கும் உண்டு. 600 கிலோ எடையுள்ள டிரான்ஸ்பார்மரை இரு வடங்கள் நேர்ச்செங்குத்தாகத் தாங்கினால் ஒவ்வொன்றிலும் 300 கிலோ விசை ஏற்படும். வடம் தரைமட்டத்தோடு 60 பாகைக் கோணத்தில் இருந்தால் அது 346 கிலோவாகவும், 45 பாகையில் 424 கிலோவாகவும், 30 பாகையில் 600 கிலோவாகவும் உயர்கிறது. அதாவது, 30 பாகையில் வடங்கள் இரண்டு இருந்தும் ஒவ்வொன்றும் முழு எடையையும் தாங்குகிறது. மேலே இடம் போதவில்லை என்று குட்டையான வடத்தைப் போடும்போது கோணம் இவ்வாறு தாழ்ந்துவிடுகிறது. அதோடு வடங்கள் உட்புறமாக இழுத்துத் தொட்டியின் சுவரையும் புஷ்ஷிங்குகளையும் நெரிக்கின்றன. நீளமான வடத்தைப் பயன்படுத்தினாலே இவ்விரு கேடுகளும் நீங்கும். அரை அடி உயரம் தூக்கி நிறுத்தி, பாரம் ஒருபுறம் சாய்கிறதா என்று பார்த்து, சாய்ந்தால் இறக்கி மாற்றிக் கட்டிய பிறகே மேலே ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எண்ணெய்க் கலமோ கேபிள் பெட்டியோ துருத்திக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மரின் எடைமையம் நடுவில் இருக்காது.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிச் செல்லும்போது அது நிமிர்ந்தே நிற்க வேண்டும், நான்கு பக்கமும் கட்டப்பட வேண்டும், அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுக்கப்பட வேண்டும். படுக்க வைத்தால் எண்ணெய் கசிவதோடு, கம்பிச்சுருளும் உள்ளகமும் தம் இடத்திலிருந்து அசைந்து, புதிதாக மாட்டிய கருவி ஒரு வாரத்தில் எரிந்துபோவதற்கு வழி உண்டாகும். பாரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கையால் பிடித்துக்கொண்டு வருவது கிராமங்களில் பொறுப்பான செயலாகவே எண்ணப்படுகிறது. அரை டன் எடை சரியும்போது கையால் தடுக்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் அதற்கும் டிரெய்லரின் பக்கப் பலகைக்கும் இடையே சிக்கிக்கொள்வார்.

சட்டம் இவற்றைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தால், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பாரம் தூக்கும் பொறிகள், சங்கிலிகள், கயிறுகள் அனைத்தையும் தகுதி பெற்ற ஒருவர் குறைந்தது 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாக ஆராய வேண்டும் என்று விதித்தது. கோபாலபுரத்தில் உள்ள சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் கிரேனுக்கு இது பொருந்தியது. அந்த ஆலைக்குக் கரும்பு விளைவிக்கும் வயலில் இரண்டேகால் டன்னைத் தூக்கும் முக்காலிக்குப் பொருந்தவில்லை, ஏனெனில் வயல் தொழிற்சாலை ஆகாது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாரம் தூக்கும் பணிகளுக்கான விதிமுறைகள் பண்ணைகளையும் உள்ளடக்கியவை. அங்கே பாரம் தூக்கும் பொறியை ஆண்டுக்கு ஒருமுறையும், வடம், கொக்கி போன்ற துணைச் சாதனங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஆராய வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் அளித்த பரிந்துரை, வயதுவந்த ஆண் ஒருவர் தனியே சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்ற நோக்கில் அமைந்தது. ஒரே பாரம், ஒரே செயின் பிளாக், ஒரே மனித உடல் என்றிருக்க, வேலியைத் தாண்டினால் ஆய்வு தேவையில்லை என்பது நியாயமற்றது. மோட்டார் தூக்கும் வண்டிகளையும் முக்காலிகளையும் ஆண்டுதோறும் ஆராய்ந்து சான்று வழங்கும் முறையை அரசு ஏற்படுத்துவது கடினமான செயலும் அன்று.

துணைமின் நிலையங்களுக்குரிய பெருமின்மாற்றிகள் தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் பல அச்சுகள் கொண்ட நீண்ட ஊர்திகளில், தொப்பூர் கணவாயின் இறக்கத்தை ஊர்ந்து கடந்து செல்வதைப் பயணிகள் பார்த்திருக்கக்கூடும். எடையைக் குறைப்பதற்காக அவற்றின் எண்ணெய் வடிக்கப்பட்டு, ஈரம் புகாதபடி தொட்டிக்குள் உலர்ந்த நைட்ரஜன் அல்லது உலர்காற்று வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் நிரப்பப்படுகிறது. வழியில் ஏற்படும் ஒவ்வோர் அதிர்ச்சியையும் பதிவு செய்யும் கருவி ஒன்று உடன் செல்கிறது, போய்ச்சேர்ந்த இடத்தில் அப்பதிவைப் பார்த்தபிறகே மின்மாற்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

வயல்வெளிக் கருவிக்கும் ஈரமே முதற்பகை. டிரான்ஸ்பார்மர் எண்ணெய் மின்காப்புக்காக ஊற்றப்படுவது; பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு நீர் கலந்தாலே அதன் காப்புத்திறன் வெகுவாக வீழ்ந்துவிடும். ஆகவே மாற்று டிரான்ஸ்பார்மரை வெறுந்தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின் மேல், நிமிர்ந்த நிலையில், வெள்ளம் தேங்காத மேட்டில் வைப்பதும், மூச்சுக்குழல் உள்ள வகையாயின் அதிலுள்ள சிலிக்கா ஜெல் மணிகள் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருக்கின்றனவா என்று பார்ப்பதும் வேண்டும். நிறம் மாறியிருந்தால் மணிகள் ஈரத்தால் நிறைந்துவிட்டன என்பது பொருள். மிகப் பழைய டிரான்ஸ்பார்மர்களின் எண்ணெயைக் கையில் தேய்ப்பதும் வண்டி அச்சுக்கு ஊற்றுவதும் உடனே நிறுத்தப்பட வேண்டியவை, ஏனெனில் பாலிகுளோரினேற்றப்பட்ட பைஃபினைல் என்னும் நச்சு வேதிப்பொருள் அவற்றில் கலந்திருக்கக்கூடும். இந்திய அரசு 2016-ஆம் ஆண்டு பிறப்பித்த ஆணையால் இப்பொருளின் உற்பத்தியும் இறக்குமதியும் தடை செய்யப்பட்டன. கேபிள் சுற்றிய மர உருளைகளைப் படுக்க வைக்காமல் சக்கரம்போல் நிறுத்தி இருபுறமும் ஆப்பு வைக்க வேண்டும், படுக்க வைத்தால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து சிக்கிக்கொள்ளும்; உருட்டும்போது உருளையின் மேல் வரைந்துள்ள அம்புக்குறியின் திசையிலேயே உருட்ட வேண்டும்.

நீர்மூழ்கி மோட்டார்களில் பெரும்பாலானவை உள்ளே நீர் நிரப்பி ஓட்டப்படுபவை. வெளியே எடுத்த மோட்டாரை மாதக்கணக்கில் கொட்டகையில் போட்டுவிட்டால், உள்ளே எஞ்சிய நீரில் துரு பிடித்து ரோட்டர் இறுகிவிடும். எனவே நீரை முழுவதும் வடித்து, நிழலில் வைத்து, அவ்வப்போது தண்டைக் கையால் சுற்றிவிட வேண்டும். திரும்ப இறக்கும் நாளில் தூய நீரை நிரப்பிக் காற்றுக் குமிழிகள் அனைத்தும் வெளியேறும்வரை காத்திருந்து, 500 வோல்ட் மெகர் கருவியால் சுருளுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையிலான மின்காப்பை அளந்து, அது ஒரு மெகாஓமுக்குக் குறைந்திருந்தால் இறக்காமல் நிறுத்திவிட வேண்டும்; பழுதான மோட்டாரை ஆயிரம் அடிக்கு இறக்கினால், அதே இரண்டேகால் டன்னை மறுநாள் மீண்டும் தூக்க வேண்டியிருக்கும்.